தோட்டாக்கூடு மசகிடல்

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதற்கு முன், அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அழுத்தலுக்காகக் கூட்டின் மேல் மெல்லிய மசகுப் படலம் பூசுவதே தோட்டாக்கூடு மசகிடல். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் 'ரீலோடிங்' பழக்கம் அமெரிக்காவில் வேட்டைக்காரர்களிடமும் இலக்குச் சுடும் போட்டியாளர்களிடமும் வேரூன்றியது. அங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று நிரப்பினால் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் உதிரிப் பாகங்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும்கூட அந்தச் சட்டம் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது.

தோட்டாவின் நான்கு பாகங்களில் குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பொறி கொடுக்கும் பிரைமர் செத்துவிடுகிறது. மிஞ்சுவது கூடு மட்டும். விலையிலும் பெரும்பாலும் அதுவே கூடுதல். மறுநிரப்பலின் கணக்கே அதில்தான் தொடங்குகிறது.

கூட்டுக்கான பித்தளையில் செம்பு ஏறத்தாழ 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இழுத்தால் நீளும், விட்டால் கொஞ்சம் சுருங்கும் என்பதால் இந்தக் கலவை. .308 வின்செஸ்டர் ரகத்தில் தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். சுடும் கணத்தில் கூடு வீங்கி அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் விழுந்ததும் சற்றே சுருங்குவதால் வெளியே இழுக்க வருகிறது. சுருங்கினாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அந்த மிச்ச வீக்கத்தை அமுக்குவதற்குத்தான் அச்சு.

நேரான சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு வளையம் பதித்த அச்சு உண்டு. அதில் மசகு இல்லாமலே வேலை நடக்கும். ரைஃபிள் கூடு புட்டி வடிவம்: அகன்ற உடல், சரிந்த தோள், ஒடுங்கிய கழுத்து. உடல் நெடுக எஃகில் உரசியபடி உள்ளே போவதால், மசகில்லாமல் அழுத்தினால் பித்தளை அச்சின் சுவரில் அப்பிக்கொள்ளும்.

சாதாரண எந்திர எண்ணெய் இங்கே உதவாது. அந்த அழுத்தத்தில் அது பிதுங்கி விலகிவிட, உலோகமும் உலோகமும் நேரே உரசும். படலம் அறுந்துபோகாத பொருள் வேண்டும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் இதற்குப் பேர்போனது. அதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பவர்கள் உண்டு; ஆல்கஹால் முழுதும் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. சிறு தகர டப்பாவில் வரும் மெழுகு மசகை விரும்புகிறவர்களும் பலர். விரல் நுனியால் மெழுகைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கூட்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பித்தளை பளபளக்காமல் லேசாக மங்க வேண்டும், தொட்டால் வழுக்க வேண்டும். ஒரு தொடுதல் நாலைந்து கூடுகளுக்கு வரும். மெதுவானாலும் ஒவ்வொரு கூடும் விரலில் சுழல்வதால், விரிசலும் நசுங்கலும் அங்கேயே பிடிபடும். தெளிப்பானின் வேகத்தைவிட இந்தக் கை வழி மேல் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அளவில்தான் சூட்சுமம். மசகு கூடினால் அது அச்சின் தோள் பகுதியில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாதே. அது இடம் கொடுக்காமல் பித்தளையைத்தான் குழியவைக்கும். தோளில் கட்டைவிரல் நகம் பதிந்தாற்போல் விழும் இந்தப் பள்ளம் சிறியதானால் அடுத்த முறை சுடும்போது தானே நிமிர்ந்துவிடும். மடிப்பாக விழுந்தால் கூட்டைக் கழித்துவிட வேண்டும்.

மசகு குறைந்தால் வருவது அதைவிடத் தொல்லை. அச்சைப் பூட்டிய பிரஸ்ஸின் கைப்பிடி வழக்கத்துக்கு மாறாக இறுகும். கை அதை உடனே உணரும். அங்கேயே நிறுத்தி, கூட்டை வெளியே எடுத்து மறுபடி மெழுகு தடவினால் தப்பலாம். பலத்தைக் காட்டி அழுத்தினால் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும், திருப்பி இழுக்கையில் அதன் விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வரும். பிறகு அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முடுக்கிப் பிடுங்குவது தவிர வேறு வழியில்லை. புதிதாக இறங்குகிறவர்களில் இதற்குத் தப்பியவர் அரிது.

கழுத்தின் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சின் நடுத்தண்டிலுள்ள உருண்டை கழுத்தை உள்ளிருந்து விரித்தபடி வெளியேறும். அங்கே உலர்ந்தால் கீச்சென்று சத்தம் வரும், கழுத்து இழுபட்டு நீளும், சில சமயம் கோணும். சிறு தூரிகையில் கிராஃபைட் அல்லது மைக்காத் தூள் தொட்டு உள்ளே ஓட்டினால் போதும். ஈரமசகு அங்கே தங்கினால் பின்னால் மருந்துத்துகள் ஒட்டும்.

அச்சை விட்டு வெளியே வந்ததும் மசகின் வேலை முடிந்தது. அதன்பின் அது இருக்கக் கூடாது. அறைக்குள் கூடு சுவரைப் பற்றினால்தான் சுடும் விசையில் ஒரு பங்கை அது ஏற்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கினால் முழுச் சுமையும் துப்பாக்கியின் போல்ட் முகத்தில் விழும். விதிவிலக்காக, ஜான் பெடர்சன் அமெரிக்க ராணுவத்துக்காக வடிவமைத்த .276 ரைஃபிளின் தோட்டாக்கள் எளிதில் வெளியேறட்டும் என்று மெழுகு பூசியே தயாராயின. ராணுவம் கடைசியில் மெழுகு வேண்டாத கரண்ட் ரைஃபிளைத்தான் எடுத்துக்கொண்டது. மறுநிரப்புவோர் மசகை நீக்க, சோளச்சக்கைத் துருவலிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ கூடுகளைப் போட்டு அதிரவைக்கிறார்கள். பொறித்துளையில் துருவல் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலீஷைத் தொடக் கூடாது. இதற்குப் பின்னால் இந்திய மழைக்காலக் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் படையினர் மழை மாதங்களில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குளிர்நிலையில் இழுத்துச் செய்த பித்தளைக்குள் அடைபட்ட இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், காற்றின் ஈரமும் சேர்ந்த விளைவு அது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921இல் விளக்கினார்கள். குறைந்த சூட்டில் வாட்டி இறுக்கத்தைத் தளர்த்துவது மாற்றாக அமைந்தது. மறுநிரப்புவோர் பல சுற்றுகளுக்குப் பிறகு கழுத்தையும் தோளையும் மட்டும் சூடேற்றி இளக்குவதும் இதன் உறவுதான். அடிப்பாகம் மட்டும் இளகவே கூடாது; அழுத்தம் முழுதையும் தாங்குவது அதுதான்.

அளவு திரும்பிய கூடு நீண்டிருக்கும். .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், தாண்டினால் 2.005க்கு வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் பிசிறு நீக்குவார்கள். நீண்ட வாய் அறையின் முனையில் இடித்துக் குண்டைக் கவ்விக்கொண்டால் அழுத்தம் ஆபத்தாக ஏறும்.

நீளும் பித்தளை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிவதால் வருகிறது. வெளியில் அங்கே பளிச்சென்ற வளையம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். காகித கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுப்பார்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால் கூட்டின் ஆயுள் முடிந்தது. அதன் வாயைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் பித்தளைக் கழிவில் போடுவார்கள், இன்னொருவர் தெரியாமல் எடுத்து நிரப்பிவிடாதபடி.