காவல் சட்டங்களும் நம் மக்களும்

சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது வீற்றிருக்கும் மன்றோவின் சிலையை நம் இளைஞர் பலர் கண்டிருப்பர். அவர் தலைமை தாங்கிய நீதிச் சீர்திருத்தக் குழுவின் பயனாய் 1816ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்குப் பல ஒழுங்குச் சட்டங்கள் பிறந்தன. அவற்றுள் பதினோராவது, ஊர்க்காவலைப் பற்றியது. வசைமொழி, சிறு கைகலப்பு ஆகிய அற்பக் குற்றங்களுக்கு ஊர்த்தலைவரே தண்டனை வழங்கலாம் என்றது அது. பொதுவாக, பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்படாமல் சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதியினர்' ஆயின், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். அத்தகைய இழிவான தண்டனை அவர்களுக்குத் தகாததன்று என்னும் கருத்தும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது!

தொழுமரமாவது, துளைகளில் கால்களை நுழைத்துப் பூட்டும் மரக்கட்டை. ஊர் வழக்கத்தின் கொடுமையை நாம் அறிவோம். ஆனால் அரசின் சட்டநூலே சாதி பார்த்துத் தண்டனை வகுத்தது என்பதைப் பலர் அறியார். மன்றோவின் இரயத்துவாரி முறையை வகுப்பில் கற்பிக்கிறோம்; இப்பகுதி பாடத்தில் இடம்பெற்று நாம் கண்டதில்லை.

வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தமையால் குடிகள் பட்ட வதைகளை 1855இல் ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அதன்பின் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் தனிப் போலீஸ் துறை அமைந்தது. எனினும் கிராம முன்சீப்பின் அதிகாரம் முற்றிலும் போய்விடவில்லை. தொழுமரப் பிரிவு பிற்காலத்தில் நீக்கப்பட்டது. பரம்பரையாய் வந்த முன்சீப், கர்ணம் பதவிகள் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன.

விடுதலைக்குப் பின் சட்டத்தின் முகம் திரும்பிற்று. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் வழக்குகளைச் சமரசம் செய்துகொள்ள இடமிருந்தது. நிலமும் கூலியும் எதிராளியின் கையில் இருக்கும் ஊரில் சமரசம் எவ்வாறு முடியும் என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வழியை அடைத்து, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற புதுப் பெயரையும் அளித்தது. புலன் விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு அலுவலர் குற்றத்திற்கு உடந்தையாளராகக் கருதப்படுவார் என்றும் சேர்த்தது. காவலரை நோக்கியே சட்டம் விரல் நீட்டியது அரிய செய்தியன்றோ!

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதனை மேலும் கூர்மையாக்கிற்று. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், வழக்குப் பதியுமுன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின்பின், அவ்விசாரணை தேவையில்லை என்று நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. 2020இல் அத்திருத்தத்தை நீதிமன்றமும் ஏற்றது.

ஆயினும் நம் இளைஞர் மனத்திற்கொள்ள வேண்டியது 2016 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே என்பது நம் கருத்து. வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதல், அதன் படியை உடனே தருதல், அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தல் ஆகியவை அலுவலரின் கடமைகளென அது வரையறுத்தது. வேண்டுமென்றே தவறும் அலுவலர் பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் அவர்மீது வழக்குத் தொடரத் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. கட்டிய கடிவாளத்தைத் தளர்த்திப் பிடிக்கும் செயலாகவே அது நமக்குப் படுகிறது.