படத்தில் இருக்கும் நாய்க்கு என்ன பெயர்?

சென்ற மாதம் எங்கள் குடும்பத்தின் பழைய குழுப்படம் ஒன்றைப் புதுப்பிக்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். 1956இல், கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம், தாத்தா வீட்டு வாசலில் எடுத்தது. தாத்தாவின் காலடியில் ஒரு நாய். உடம்பு தெளிவாக இருக்கிறது. தலை மட்டும் புகைபோலக் கலங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் முன் இருந்த பையன், "சார், நாயை எடுத்துடலாமா? படம் நீட்டா வரும்" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கிற அந்தக் காலக் கேமராவில், லென்ஸ் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டும்வரை யாரும் அசையக்கூடாது. நாம் மூச்சை அடக்கி நிற்போம். நாய்க்கு அது தெரியுமா? 1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாள் முதலே இந்தச் சங்கடம் உண்டு.

நம் தலைமுறைக்கு மிகவும் பழகிய நாய்ப் படம், இசைத்தட்டில் இருந்த எச்.எம்.வி. நாய். அதன் பெயர் நிப்பர். அது 1895இல் இறந்தது. பிறகுதான் பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் அதை வரைந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி அந்த ஓவியத்தை வாங்கியது. 1970களில் அமெரிக்காவில் வில்லியம் வெக்மன் தன் நாயையே கேமரா முன் உட்காரவைத்து, நாய்ப் படத்தைக் கலைக்கூடம்வரை கொண்டுபோனார். அந்த நாய்க்கு அவர் வைத்த பெயர் மேன் ரே. அது ஒரு பெரிய புகைப்படக் கலைஞரின் பெயர்.

நம் தபால்துறையும் 2005 ஜனவரியில் நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் அங்கே இருப்பது இனத்தின் பெயர்தான்.

பெயரோடு நிற்கும் நாயைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளாக அந்த நாய் தன் பெயரோடு நிற்கிறது!

எங்கள் படத்தில் இருக்கும் நாய்க்கு எழுபது வருஷம்கூடத் தாங்கவில்லை. சின்னசேலத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். வயது தொண்ணூறை நெருங்குகிறது. படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே, "வீரனைக் கேக்கறியாடா? மலையிலேருந்து பன்னி எறங்குனா மொதல்ல அதுதான் கொரைக்கும். போட்டோக்காரரு மூடியைக் கழட்டினதும் அவரைப் பாத்துக் கொரைச்சுது. எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னோம்" என்றார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். படத்தில் தாத்தாவைத் தவிர எல்லார் முகத்திலும் அந்த அடக்கிய சிரிப்பு இருக்கிறது.

பையனிடம், நாய் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். படத்தின் பின்னால் எல்லார் பெயரையும் வரிசையாக எழுதினேன். கடைசியில்: வீரன்.

உங்கள் வீட்டுப் படத்திலும் ஒரு நாய் இருக்கலாம். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.