போஞ்சி, கோவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்த எபிசோடை நான் வழக்கமான ரூம்ல உட்கார்ந்து பேசல. நடுவுல சேவல் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, எடிட்டிங்ல எடுத்துப் பார்த்தேன், முழுசா போகல. கோத்தகிரி பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்தோட லைன் வீட்டுல இருக்கேன். என் அம்மாயி வீடு. அம்மாயின்னா அம்மாவோட அம்மா, எங்க வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர்ல பஸ் ஏறினா, சனிக்கிழமை காலையில இங்க வந்துடலாம். வந்ததும் முதல்ல சாயத்தண்ணி. அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற துண்டு நிலம். ரெண்டு கட்டில் போட்டா நிறைஞ்சிடும், அவ்வளவுதான். பீன்ஸ் கொடி, நாலு வரிசை முட்டைக்கோஸ், பூண்டு, ஓரத்துல பந்தல்ல மேரக்காய். சென்னைக்காரங்களுக்கு அது சௌசௌ. சுத்தி பழைய சேலைகளைக் கட்டி வேலி. காட்டுமாட்டுக்கு அந்த வேலி ஒண்ணுமே இல்லைன்னு அம்மாயிக்கும் தெரியும், காட்டுமாட்டுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரொட்டி, மாசிச் சம்பல், தேங்காய் போட்ட முட்டைக்கோஸ், பருப்பு. மாமா, அத்தை, அவங்க பசங்க எல்லாரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். போன மாசம் இதை ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். ஆபீஸ்ல ஒருத்தர் பார்த்துட்டு, "எவ்வளவு சிம்பிளான லைஃப்ல, செம்ம" அப்படின்னார். அவர் நல்ல எண்ணத்துலதான் சொன்னார். ஆனா அந்த 'சிம்பிள்' எனக்கு முள் மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு. மலை, குடும்பம், காய்கறித் தோட்டம், வாரக் கடைசி. இந்த நாலும் ஒரே இடத்துல வந்து சேர எவ்வளவு வருஷம் ஆச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

நான் இப்ப உட்கார்ந்திருக்கிற இடத்துல இருந்து கண்ணேரிமுக்கு ரொம்பத் தூரம் இல்ல. அங்க செக்கச்செவேல்னு ஒரு பங்களா இருக்கு. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819ல் இந்த மலைக்கு ஏறி வந்து கட்டின வீடு, இப்போ நினைவகம். அவர் வந்தப்போ மலை காலியா இருக்கல, அதை முதல்ல சொல்லிடணும். தோடர்களோட எருமைங்க மேய்ஞ்ச புல்வெளி, படுகர்களோட ராகியும் சாமையும் விளைஞ்ச காடு, கோத்தர்களோட பட்டறைகள் எல்லாமே ஏற்கெனவே இருந்தது. சல்லிவனுக்குப் புதுசா இருந்தது குளிர். கீழே வெயில்ல காய்ச்சல்ல விழுந்துக்கிட்டிருந்த வெள்ளைக்காரங்களுக்கு, அவங்க ஊர் மாதிரியே ஒரு இடம் கிடைச்சிடுச்சு.

ஊர் மாதிரியே ஒரு இடம் கிடைச்சா அடுத்து என்ன தோணும்? ஊர் சாப்பாடு. சல்லிவன் உருளைக்கிழங்கு, கோஸ், கேரட்னு விதைகளை வரவழைச்சுப் போட்டார். 1822ல் ஊட்டியில 'ஸ்டோன் ஹவுஸ்' கட்ட ஆரம்பிச்சார், பக்கத்துலேயே தோட்டமும் வந்தது. குடும்பத்தோட மேல வந்து வாழ்ந்தவர் அவர். அவரோட மனைவியும் ஒரு மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில இருக்காங்க. அந்தக் கல்லறைக்குப் போயிருக்கேன். அதுக்கப்புறம் அவரை வெறும் 'கலோனியல் கலெக்டர்'னு ஒரே வரியில கடந்து போக என்னால முடியல. ஊரை நினைச்சு ஏங்கின ஒரு மனுஷன் போட்ட காய்கறித் தோட்டம்னுதான் அதைப் பார்க்கத் தோணுது.

அடுத்து வர்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு நாம எல்லாரும் டூர் போயிருப்போம். அதோட வேர் பூ இல்ல, காய்கறி. 1840கள்ல ஊட்டியில இருந்த ஐரோப்பியர்கள் மாசச் சந்தா போட்டு, கட்டுப்படியாகிற விலையில காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நாம ஆப்ல போடுற வெஜிடபிள் சப்ஸ்கிரிப்ஷன் மாதிரியேதான். அது சரியா ஓடல. ஸ்டார்ட்அப் உலகத்துல இருக்கிற யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. 1848ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர்ங்கிற தோட்டக்கலை நிபுணர் வந்து, அந்தச் சரிவை இப்போ நாம பார்க்கிற பூங்காவா மாத்த ஆரம்பிச்சார்.

அதுக்கப்புறம் வேகமா நடந்துச்சு. 1870ல் இருந்து மெட்ராஸ் அரசாங்கமே கோடையில ஊட்டிக்கு ஏறிடும். 1908ல் மலை ரயில் ஊட்டி வரைக்கும் வந்துடுச்சு. சீமைக் காய்கறி துரைங்க மேஜையில இருந்து இறங்கி, படுகர்கள் காடு வழியா மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், அங்கிருந்து நம்ம எல்லார் வீட்டு சாம்பாருக்கும் வந்து சேர்ந்தது. இப்பவும் மார்க்கெட்ல 'இங்கிலீஷ் காய்கறி'ன்னு தனியாச் சொல்றோம் பாருங்க.

சரி, இதுல என் அம்மாயி எங்க வர்றாங்க? அவங்க நீலகிரிக்காரங்களே இல்ல. பொறந்தது கடல் தாண்டி, இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவை பக்கம் ஒரு தோட்டத்துல. அதனாலதான் எங்க வீட்டுல முட்டைக்கோஸுக்குப் பேரு கோவா, பீன்ஸுக்குப் பேரு போஞ்சி. ஸ்கூல்ல ஒரு தடவை 'போஞ்சி'ன்னு சொல்லி மொத்தக் கிளாஸும் சிரிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தப் பேருங்களைத் தோண்டினா, கோவா சிங்களம் வழியா வந்த போர்ச்சுகீசிய வார்த்தை, 'கூவ்' அப்படின்னு சொல்வாங்க. போஞ்சி டச்சுக்காரங்களோட 'போன்ச்யே'. இங்க நாம இங்கிலீஷ்காரன்கிட்ட வாங்கி பீன்ஸ்னு சொல்றோம், அவங்க அதுக்கு முன்னாடி வந்தவன்கிட்ட வாங்கி போஞ்சின்னு சொல்றாங்க. நான் என் கிளாஸ்மேட்ஸைவிட ஒரு வெர்ஷன் பழைய பேரைச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதான்!

அந்தப் பக்க மலையோட கதையும் இதே மாதிரிதான் ஆரம்பிக்குது. சல்லிவன் நீலகிரி ஏறின அதே 1819ல் ஜான் டேவிங்கிற டாக்டர் நுவரெலியாவுக்குப் போய் வந்து, அந்தக் குளிரைப் பத்தி எழுதினார். 1848ல், அதாவது மெக்ஐவர் ஊட்டிக்கு வந்த அதே வருஷம், சாமுவேல் பேக்கர் நுவரெலியாவுல அச்சு அசலா ஒரு இங்கிலீஷ் பண்ணை வைக்கக் கிளம்பினார். பின்னாடி நைல் நதியோட மூலத்தைத் தேடிப் போன அதே பேக்கர்தான். இங்கிலாந்துல இருந்து சொந்தக்காரங்க, வேலைக்காரங்க, மாடு, விதை எல்லாத்தையும் கப்பல்ல கொண்டு வந்து இறக்கினார்.

ரெண்டு மலை, ஒரே ஆசை. ஆனா ரெண்டு மலையிலயும் முதல்ல காபி, அப்புறம் தேயிலைன்னு வந்தப்போ அதுக்கு ஆள் வேணும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துல இருந்து கங்காணிங்க கூட்டிட்டுப் போன ஆளுங்கதான் அந்தப் பக்க மலையை நிரப்பினாங்க. அம்மாயியோட தாத்தா அப்படிப் போனவர். துரை பங்களாவைச் சுத்தி ரோஜாவும் கேரட்டும். கீழே லயத்துல ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். லயத்துக்குப் பின்னாடி கிடைச்ச துண்டு மண்ணுல இவங்களும் கோவா, போஞ்சி போட்டாங்க. பங்களாவுல அது பொழுதுபோக்கு. லயத்துல அது அந்த வாரத்துக் கறி.

அதுக்கு நேரம் எப்போ கிடைச்சது? காலையில பெரட்டுக்களத்துல பேர் கொடுத்து மலையில ஏறினா, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிச்சு இறங்கும்போது இருட்டிடும். மிச்சம் இருந்தது வாரத்துல ஒரு நாள்.

அந்த ஒரு நாளும் சும்மா வரல. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைச்சது 1890ல். நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் கூட்டம் போட்டு, மனு கொடுத்து வாங்கினது அது. இந்தியாவுல தேயிலைத் தோட்டங்களுக்குன்னே ஒரு சட்டம் வந்து, அதுல வார ஓய்வு, வீடு எல்லாம் பேசப்பட்டது 1951ல்தான். சல்லிவன் இங்க வந்து 132 வருஷம் கழிச்சு.

இலங்கையில இன்னும் ஒரு திருப்பம். 1966ல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துட்டு, நிலாவை வெச்சு வாராந்திர போயா நாளை விடுமுறையா ஆக்குச்சு. அமாவாசை, பௌர்ணமி, ரெண்டு அரைநிலா. நிலாவோட கால் சுற்று சரியா ஏழு நாள் இல்லையே, ஏழும் சொச்சமும். அதனால சில வாரத்துக்கு எட்டு நாள் ஆயிடும். இதுக்கு ஒரு காலண்டர் லைப்ரரி எழுதச் சொன்னா நான் வேலையை விட்டுடுவேன். 1971ல் திரும்ப ஞாயிறுக்கே வந்துட்டாங்க. அம்மாயிக்கு அப்போ பதினேழு வயசுல இருந்து இருபத்திரண்டு வயசு. "சந்திரனப் பாத்துத்தான் தம்பி கடைத்தெருவுக்குக் கிளம்புவோம்" அப்படின்னாங்க. இதை நான் ஒரு புக்ல படிச்சுட்டு வந்து கேட்டேன். இத்தனை வருஷமா அவங்களே சொல்லலையேன்னு கேட்டதுக்கு, "நீ கேக்கலையே"ன்னுட்டாங்க.

1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அந்த மிச்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. எண்கள் முழு முழுசா இருக்கிறதைக் கவனிங்க. மனுஷங்களை எண்ணினா இப்படி வராது, பங்கு போட்டாத்தான் இப்படி வரும்.

அம்மாயி வந்தது 1973ல். தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், அப்புறம் மண்டபம் கேம்ப். மாமாவுக்கு நாலு வயசு, எங்கம்மா கைக்குழந்தை. தாத்தா ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தார். அம்மாயி முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தது ஒரு கைப்பிடி போஞ்சி விதை. கேம்ப்ல எதுவும் போட முடியல. நீலகிரியில ஒரு தனியார் தோட்டத்துல வேலை கிடைச்சு, இந்த லைன் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்காங்க. பாதிதான் முளைச்சதாம். இன்னைக்கு மதியம் நான் சாப்பிட்ட போஞ்சி அந்தப் பாதியோட வம்சம்.

இந்த எபிசோடை இப்பவே பண்ணணும்னு நினைச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. மாமா வர்ற மார்ச் மாசம் ரிட்டயர் ஆகிறார். லைன் வீடு வேலையோட ஒட்டினது. வேலை முடிஞ்சா சாவியைக் கொடுத்துடணும். மாமா பையன் திருப்பூர்ல வேலை பார்க்கிறான், தோட்ட வேலைக்கு வரமாட்டான், வரணும்னு யாரும் எதிர்பார்க்கவும் இல்ல. கோத்தகிரி டவுன்ல மாடியில ஒரு வாடகை வீடு பார்த்திருக்காங்க. அட்வான்ஸ் நான் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன். நல்ல வீடு, தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வருது, பாத்ரூம் உள்ளேயே இருக்கு. மண்ணுதான் இல்ல. ஐம்பது வருஷத்துக்கு மேல இவங்க எரு போட்டுக் கறுப்பாக்கின மண்ணு. அது யாரோட மண்ணுன்னு பேப்பர்ல பார்த்தா, பதில்ல சந்தேகமே இல்ல. இவங்களோடது இல்ல.

இதைப் பத்தி அம்மாயிகிட்ட கேட்டேன். ரெக்கார்டர் ஓடிக்கிட்டிருந்தது. அவங்க பேசவே இல்ல, முத்தின போஞ்சி நெத்தை உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. அந்தச் சத்தத்தை ஆடியோவுல அப்படியே விட்டிருக்கேன். படிக்கிறவங்களுக்கு அதைக் கொடுக்க வழியில்ல.

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு நான் பையை எடுக்கும்போது, ஒரு பேப்பர்ல மடிச்சு விதையைக் கையில வெச்சாங்க. என் பால்கனியில ரெண்டு குரோ பேக் இருக்கு, போட்டுப் பார்க்கிறேன்னு சொன்னேன்.

"வெயில் படுமா?"

"காலையில ரெண்டு மணி நேரம் படும் அம்மாயி."

"கொடி ஏற குச்சி?"

அதை நான் யோசிக்கவே இல்ல. பந்தலுக்குப் போய் நாலு குச்சியை உருவி, சணல்ல கட்டிக் கொடுத்தாங்க. பஸ் கண்டக்டர் லக்கேஜ் போடுவாரான்னு ஒரு பயம் இருந்தது. அவர் பார்த்துட்டு, "பீன்ஸுக்கா?"ன்னு கேட்டார். தலையாட்டினேன். சீட்டுக்கு அடியில வெச்சுக்கச் சொன்னார்.