இரு பகா எண்களின் கூட்டு

மைசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்தால் மண்டியா வரும். நெல்லும் கரும்பும் செழிக்கும் நாடு அது. 1939-இல் தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் கே. இராமச்சந்திரா பிறந்தார். எண்களின் இயல்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் அவர்.

அவரை ஈர்த்த புதிர்களுள் ஒன்றை நேயர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையவை. 10 என்னும் இரட்டை எண்ணை 3+7 எனவும் 5+5 எனவும் பிரிக்கலாம். 100-ஐயோ 3+97, 11+89, 17+83, 29+71, 41+59, 47+53 என ஆறு வகையாகப் பிரிக்கலாம். 2-க்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டை எண்ணும் இவ்வாறு இரு பகா எண்களின் கூட்டுத்தொகை ஆகுமா? 1742-இல் கோல்ட்பாக் என்பார் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தினின்று பிறந்த வினா இது. நான்கை அடுத்துப் பதினெட்டுச் சுழிகள் இட்ட எண் வரையில் கணிப்பொறிகள் சோதித்துவிட்டன. விலக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் எண்களுக்கு முடிவில்லை. சோதனை வேறு, நிரூபணம் வேறு.

நிரூபணத்தை நாடிய வழியில் நம்மவர் பங்கும் உண்டு. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறுபடுத்தலாம் என்பதைக் கணிக்க, கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனும் ஆங்கிலப் பேராசிரியர் ஹார்டியும் 1918-இல் ஒரு முறையை வகுத்தனர். அதனை வளர்த்தெடுத்தே, போதிய அளவு பெரிய ஒற்றை எண் ஒவ்வொன்றும் மூன்று பகா எண்களின் கூட்டு என 1937-இல் ரஷ்ய அறிஞர் வினோகிராதவ் நிறுவினார். இரண்டு பகா எண்கள் என்னும் வினாவோ பிடிகொடுக்கவில்லை.

இராமச்சந்திரா பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தவர். விளைநிலத்தின் மீது கடன் பெற்று அன்னையார் அவரைப் படிக்க வைத்தார். கல்லூரிப் போட்டியொன்றில் பரிசாகக் கிடைத்த, இராமானுஜனைப் பற்றிய நூலே அவர் உள்ளத்தில் எண்ணியல் வேட்கையை மூட்டியது. முன்னர் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தது போலவே, இவரும் ஆலை ஒன்றில் குமாஸ்தாவானார். ஓய்வு வேளைகளில் எண்ணியலைத் தாமே கற்றார். 1958-இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் சென்றடைந்தார். மிகப் பெரிய எண்களின் நடுவே சிறியதோர் இடைவெளியை எடுத்துக்கொண்டாலும், அதனுள் வரும் இரட்டை எண்களில் ஏறத்தாழ அனைத்தும் இரு பகா எண்களாகப் பிரியும் என்னும் திசையில், 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1978-இல் பாலசுப்பிரமணியன் என்னும் தம் மாணவருடன் சேர்ந்து, ஹார்டி, இராமானுஜன் இருவர் பெயராலும் ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார்.

ஏறத்தாழ அனைத்தும் என்பதற்கும் அனைத்தும் என்பதற்கும் இடையேயுள்ள தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் இராமச்சந்திரா மறைந்தார். ஒரு தாய் நிலத்தின் மீது வாங்கிய கடன், அந்தத் தொலைவில் ஓர் அடியை நமக்குக் குறைத்துத் தந்தது. எஞ்சிய தொலைவு, இன்று பள்ளியில் கூட்டல் கற்கும் ஒரு சிறுமிக்கோ சிறுவனுக்கோ காத்திருக்கிறது.