வால் மறந்த சிறகுகள்: இப்னு ஃபிர்னாஸின் இறக்கம்

பறத்தலின் வரலாற்றை எழுதுவோர் ஏற்றத்தையே விரித்துரைப்பர். இறக்கத்தைப் பேசுவோர் சிலரே. கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலியின் விமான ஓடுதளத்தைக் காண்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: அத்தனை நீளம் மேலெழுவதற்கு மட்டுமன்று, பழுதின்றித் தரை சேர்வதற்கும்தான்.

இவ்வுண்மையை உடலால் உணர்ந்தவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். ஸ்பெயினின் குர்துபாவில் உமையாக்களின் அவையை அணிசெய்த இவர் கவிஞர், வானியலார். கலீலின் யாப்பிலக்கணத்தை அந்நாட்டவர்க்கு விளக்கியவர். ஹிஜ்ரி 274இல் (கி.பி. 887) மறைந்தார். உடலில் இறகு போர்த்து, சிறகு பூட்டிக் கணிசமான தொலைவு பறந்தார் என்றும், இறங்குகையில் முதுகுப்புறம் அடிபட்டார் என்றும் அல்மக்கரீ தம் ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் குறிக்கிறார். காரணத்தையும் அவரே கூறுகிறார்: பறவை தன் வாலின் துணையால் இறங்குகிறது, இவரோ வால் அமைக்கவில்லை.

அல்மக்கரீ மறைந்தது 1632இல். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. எனினும் இப்னு ஃபிர்னாஸின் காலத்தவரான முஃமின் இப்னு சயீத் எனும் கவிஞர் அவரது பறத்தலை எள்ளிப் பாடியிருப்பது, செய்தி முற்றும் கற்பனையன்று எனக் கருத இடமளிக்கிறது.

சொல்லப்பட்ட காரணமோ இன்றைய அறிவுக்கும் பொருந்துவது. சிறு விமானம் தரையை நெருங்குகையில் விமானி வாலிலுள்ள அசையும் தகட்டை உயர்த்துகிறார். வால் தாழ, மூக்கு நிமிர்கிறது. இறங்கும் வேகம் தணிகிறது. முதன்மைச் சக்கரங்கள் மெல்லத் தரை தொடுகின்றன. இதை அதிக உயரத்திலேயே செய்தால் வேகம் குன்றி, இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்க, விமானம் பொத்தென விழும். தாமதித்தால் மூக்குச் சக்கரம் முதலில் மோதும். திடீர்க் காற்றும் இக்கணக்கைக் குலைக்கும். இப்னு ஃபிர்னாஸிடமோ நிமிர்த்தும் கருவியே இருக்கவில்லை.

கி.பி. 1000ஐ ஒட்டி நைஸாபூரில், ‘ஸிஹாஹ்’ அகராதி தந்த அல்ஜவ்ஹரீ மரச்சிறகு கட்டிப் பள்ளிவாசலின் கூரையிலிருந்து குதித்து உயிர்நீத்தார் என்பர். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எயில்மர் எனும் துறவி கோபுரத்திலிருந்து பறந்து கால்கள் முறிந்தார். வால் வைக்க மறந்ததே பிழை என்றார் அவரும்.

நிலவின் பள்ளம் ஒன்று இப்னு ஃபிர்னாஸின் பெயரைத் தாங்குகிறது. முதலில் பறந்தவர் இவரே என்று முழங்குவதில் நமக்குப் பெருமை தோன்றலாம். ஆனால் வீழ்ச்சியை மறையாது, அதன் காரணத்தையும் எழுதிவைத்த நேர்மையே நம் முன்னோர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம். அதை விடுத்து வெற்றியை மட்டும் பேசுவது, வாலின்றிச் சிறகு கட்டுவதாகவே முடியும்.