மூன்று கியர் ஜீப்பும் நான்கு வழிச்சாலையும்



நம் வாகன நிறுத்தத்தின் கடைசித் தூண் அருகே தார்ப்பாய் மூடி நிற்கும் பழைய ஜீப் பிக்கப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் உரிமையாளர் சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டார். "அப்பா ஓட்டிய வண்டி சார். கிராமத்துக்குப் போய்வரத் தாங்குகிறது. தொழுதூர் தாண்டி பைபாஸில் ஏறினால் அலறுகிறது. ஐந்து கியர் பெட்டி மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?" நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் எண்பது வருட வரலாறு இருக்கிறது. அதை இந்த இதழில் சொல்லலாம் என்று தோன்றியது.

போருக்குச் செய்த பெட்டி

ஜீப் பிறந்தது இரண்டாம் உலகப் போரில். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. சேற்றில் ஏறவேண்டும், பீரங்கி இழுக்கவேண்டும் என்பதே தேவை. நெடுஞ்சாலையில் சுகமாகப் போவதை யாரும் கேட்கவில்லை. அதனால் மூன்றே கியர்.

போர் முடிந்ததும் வில்லிஸ் அதையே விவசாயிகளுக்கு விற்றது. 'டி-90' என்ற சற்றே வலுவான பெட்டி வந்தது, ஆனால் அதுவும் மூன்று கியர்தான். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி ஓடும்போது முதல் கியருக்கு இறங்க டபுள் கிளட்ச் போடத் தெரியவேண்டும்; தெரியாதவர் காலில் கியர் கத்தும். அந்தக்கால ஓட்டுநருக்கு ஊரில் தனி மரியாதை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1945-இல் இரும்பு வணிகமாகத் தொடங்கிய 'மஹிந்திரா அண்ட் முகமது', 1948-இல் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று. 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. உயர்ந்த பானட் வைத்த சி.ஜே-3பி மாடல், என்ஜின் மேல் ஓட்டுநர் உட்காரும் எஃப்.சி-150 பிக்கப் எல்லாம் இந்த வழியில் வந்தவை. அரசு அலுவலகம், மின்வாரியம், கரும்புத் தோட்டம் எங்கும் இவைதான். வெள்ளாற்றங்கரை மண்பாதையில் முப்பது, நாற்பது கி.மீ. வேகமே அதிகம் என்பதால் மூன்று கியர் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

குறை எங்கே இருக்கிறது? பேரேடு மாதிரி எழுதிப் பார்த்தால் புரியும். சி.ஜே-3பி ஜீப்பின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் 5.38 சுற்று சுற்றவேண்டும். பின் ஆக்ஸிலின் பல் விகிதம் அது. 60 கி.மீ. வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,450 சுற்று, 80 கி.மீ. வேகத்தில் 3,260. அதன் முழுச் சக்தியே 4,000 சுற்றில்தான் என்னும்போது, 80-இல் அது அலறாமல் என்ன செய்யும்?

ஐந்தாவது கியர் என்பது ஓவர்டிரைவ். டாப்பில் ஒன்றுக்கு ஒன்று சுற்றுவதை, ஒரு பேச்சுக்கு, 0.8 ஆக்குகிறது என்று வையுங்கள். அதே 80 கி.மீ.க்கு என்ஜின் 2,600 சுற்றுதான். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். என்ஜின் தேய்மானம், சத்தம், எரிபொருள் மூன்றுக்கும் அது நல்லது.

டீசல் வந்த கதை

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது. 1975-இல் மஹிந்திரா டீசல் ஜீப் கொண்டுவந்தது. டிராக்டர் வழி வந்த என்ஜின் அது. இழுவை தாராளம், ஆனால் வேகமாகச் சுற்றாது. வேகமாகச் சுற்றாத என்ஜினுக்கு மூன்று கியர் போதவே போதாது. 1979-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் டீசல் என்ஜினுக்கு உரிமம், பிறகு கொரியாவின் கியா நிறுவனத்திடம் நான்கு கியர் பெட்டிக்கு உரிமம் பெற்றார்கள். அந்த 'கே.எம்.டி-90' பெட்டியோடு 1985-இல் எம்.எம்-540 வந்தது. அதற்கும் பின்னால்தான் ஐந்து கியர்.

ஒவ்வொரு புது மாடல் வந்தபோதும் பழைய வண்டிக்காரர்களுக்கு ஆசை வந்தது. உடைத்து விற்கும் வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றி நம் வண்டியில் ஏற்றினால் என்ன? சென்னை புதுப்பேட்டையில் பெட்டி கிடைக்கும். லேத் பட்டறையில் பெல் ஹவுசிங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே அடாப்டர் தகடு கடைந்து தருவார்கள். கிளட்ச் தட்டின் பல் எண்ணிக்கை பொருந்தவேண்டும், ஜாயிண்ட் ராடை வெட்டிச் சமன் பார்க்கவேண்டும், பெட்டி உட்காரும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தவேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய ஜீப்பில் இன்னும் சிக்கல்: பின் ஆக்ஸிலுக்குப் போகும் ராடு நடுவில் இல்லாமல் வலப்புறம் ஒதுங்கிப் போகும். இத்தனையையும் வரைபடம் இல்லாமல், நூலும் அடிக்கோலும் வைத்துச் சாதித்தவர்கள் நம் பட்டறைக்காரர்கள்.

இந்த வேலை எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் உண்டு, சேஸிஸ் எண் உண்டு, வங்கியின் ஹைப்பாதிகேஷன் கூட உண்டு. கியர் பெட்டிக்கு ஒரு கட்டம் கிடையாது. வாகனக் கடன் லெட்ஜர் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த வண்டிக்கு எந்தப் பெட்டி ஏறியது என்பது அந்த மெக்கானிக்கின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

மாற்றலாமா?

நான்கு வழிச்சாலை வந்த பிறகு மெதுவாகப் போவதே ஆபத்து என்றாகிவிட்டது. பின்னால் ஆம்னி பஸ் வருகிறது. ஆகவே ஆசை நியாயமானது. ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலாவது பிரேக். பெட்டி மாறினால் வேகம் கூடும். டிரம் பிரேக் பழையதுதான். முதல் செலவு அதற்கு ஆகட்டும்.

இரண்டாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வண்டி ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால் 2021 விதிப்படி 'விண்டேஜ்' பதிவு கிடைக்க வழியுண்டு. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும். தினசரிப் போக்குவரத்துக்கும் ஓட்டமுடியாது. கண்காட்சி வண்டியா, ஓட்டும் வண்டியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு ஸ்பானரை எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மிக முக்கியமானது: சேஸிஸை வெட்டாதீர்கள், பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். போல்ட் போட்டு ஏற்றியதைப் பிறகு போல்ட் கழற்றி இறக்கலாம்; வெட்டியதை ஒட்டவைத்தால் தழும்பு நிற்கும். பழைய பெட்டிக்கு எண்ணெய் ஊற்றி, வாயை அடைத்து, சாக்கில் சுற்றி வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்த வண்டியின் பெட்டி, யார் செய்தார், என்ன தேதி என்று ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் போடுங்கள். ஆர்.சி.யில் இல்லாத கட்டம் அந்த நோட்டில் இருக்கட்டும்.

அந்த நண்பருக்கும் இதையேதான் சொன்னேன். இப்போது பிரேக் வேலை நடக்கிறது, பெட்டி அதற்கப்புறம்தானாம். நம் வட்டாரத்தில் ஜீப் ஓட்டியவர்கள், பட்டறை வைத்திருந்தவர்கள் உங்கள் உறவில் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவர்கள் பெயரோடு போடுவோம்.