போக்கரில் 'உதார்' விடுவது எப்படி?

'ப்ளஃப்' என்றதும் கூலிங் கிளாஸும் கல்லு மாதிரி முகமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, முகமெல்லாம் ரெண்டாம்பட்சம். நீங்க பந்தயம் கட்டுற விதம்தான் எதிராளியிடம் முதலில் பேசும்.

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் கடைசிக் கட்டத்தையே எடுத்துக்குவோம். ஒரு பக்கம் பழம் தின்று கொட்டை போட்ட சாமி ஃபார்ஹா. எதிரில், ஆன்லைனில் 86 டாலர் கட்டி, தகுதிப் போட்டியில் ஜெயித்து வந்த அக்கவுன்டன்ட் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!).

ஆட்டம், டெக்சாஸ் ஹோல்டெம். கையில் ரெண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. மணிமேக்கர் கையில் இஸ்பேடு ராஜாவும் ஹார்ட்டின் ஏழும். பொதுவில் நாலு சீட்டு விரிந்தபோது அதில் 6, 8, 9 மூன்றும் இஸ்பேடு. உடனே பந்தயத்தை உயர்த்தினார். இன்னொரு இஸ்பேடு வந்தால் ஃப்ளஷ். 5 அல்லது 10 வந்தால் ஸ்ட்ரெயிட். வந்ததோ ஹார்ட்டின் 3. ஒண்ணுமே சேரலை! ஆனாலும் மொத்த சிப்ஸையும் முன்னால் தள்ளினார். ஃபார்ஹாவிடம் 9 ஜோடி இருந்தது, அதுதான் ஜெயிக்கிற கை. யோசித்து யோசித்து, கடைசியில் சீட்டைப் போட்டுவிட்டார். அந்தத் தொடரை வென்ற மணிமேக்கருக்குப் பரிசு 25 லட்சம் டாலர்.

இங்கே கவனிங்க. மூணாவது இஸ்பேடு விழுந்ததுமே 'என்கிட்ட ஃப்ளஷ் இருக்கு' என்ற கதையை ஆரம்பித்துவிட்டார். கடைசி வரை அதை மாத்தலை. அப்போது மாட்டியிருந்தாலும் தப்பிக்க ஒரு சீட்டு பாக்கி இருந்தது. இதற்குப் பேர் 'செமி ப்ளஃப்'. புதுசா ஆடுறவங்க இதில்தான் தொடங்கணும். அதுவரை சும்மா இருந்துவிட்டு கடைசியில் திடீர்னு பொங்கினால் யார் நம்புவாங்க?

கணக்கும் சிம்பிள்தான். நடுவில் 1,000 பாயின்ட் கிடக்கு, நீங்க 500 வைக்கிறீங்கன்னா, மூணு தடவையில் ஒரு தடவை எதிராளி விலகினாலே நஷ்டமில்லை. 1,000 வச்சா, ரெண்டில் ஒரு தடவை விலகணும்.

"என்னதான் வச்சிருக்கான், பார்த்துடலாமே" என்கிற ஆளிடம் மட்டும் உதார் வேண்டாம். அவர் விலகவே மாட்டார்!

பழக ஆப் தேடாதீங்க. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை 2025-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் வெறும் பாயின்ட்டுக்கு ஆடலாம். ஆனா, இழக்க ஒண்ணுமில்லைன்னா யாரும் சீட்டைக் கீழே போட மாட்டாங்க, ப்ளஃப்பும் வேலை செய்யாது. அதனால, தோத்தவங்கதான் ராத்திரி பாத்திரம் கழுவணும்னு ரூல் போட்டுட்டு உட்காருங்க.